மாயாவியின் மறுபாதி

சென்னைப் புத்தகக் காட்சியில் லயன்-முத்து காமிக்ஸ் அரங்கின் முன் கூடும் கூட்டத்தில் பிள்ளைகள் குறைவு. நாற்பதைத் தாண்டியவர்கள், தலை நரைத்தவர்கள், பேரன் கையைப் பிடித்துக்கொண்டு வந்து அவனை மறந்தே போனவர்கள் என்று ஒரு தனிக் கூட்டம் அது. புத்தகத்தை எடுத்தால் முதலில் கதையைப் பார்ப்பதில்லை. அட்டையைத் தடவுகிறார்கள். சிலர் நடுப்பக்கத்தைப் பிரித்து மூக்கருகே கொண்டுபோகிறார்கள். "இது எங்கிட்ட இருந்துச்சு" என்று பக்கத்தில் நிற்கும் முன்பின் தெரியாத ஆளிடம் சொல்கிறார்கள். அவரும் தலையாட்டுகிறார், அவரிடமும் இருந்திருக்கும்.

இவர்களை இங்கே இழுத்து வருவது எது? கதையின் தரம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இரும்புக்கை மாயாவியையே எடுத்துக்கொள்வோம். 1962இல் லண்டனிலிருந்து வந்த 'வேலியண்ட்' என்ற சிறுவர் வார இதழில் பிறந்தவர். எழுதத் தொடங்கியவர் கென் புல்மர்; வரைந்தவர் ஸ்பெயின் நாட்டு ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோ. ஆய்வுக்கூட உதவியாளன் ஒருவன், வலது கைக்குப் பதில் எஃகுக் கை பொருத்தியவன், ஒரு விபத்தில் கடும் மின்சாரம் பாய்ந்து கண்ணுக்குத் தெரியாமல் போகிறான். எஃகுக் கை மட்டும் அந்தரத்தில் மிதக்கிறது. முதலில் திருடனாகிறான், பிறகு திருந்தி உளவுப்படையில் சேருகிறான். அவ்வளவுதான் கதை. 1972இல் சிவகாசியில் சௌந்தரபாண்டியன் தொடங்கிய முத்து காமிக்ஸின் முதல் இதழ் இந்த மாயாவியோடுதான் வந்தது. முல்லை தங்கராசன் அதன் ஆசிரியராக இருந்தார். 1976இல் வேலியண்ட் லண்டனில் நின்றுபோனது. மாயாவி சிவகாசியில் நிற்கவே இல்லை. 1984இல் சௌந்தரபாண்டியனின் மகன் விஜயன் லயன் காமிக்ஸைத் தொடங்கினார். அதில் ஸ்பைடர் வந்தார், ஆர்ச்சி என்ற இரும்பு மனிதன் வந்தார். ஸ்பைடரின் கதைகள் பலவற்றை எழுதிய ஜெர்ரி சீகல், 1938இல் சூப்பர்மேனை உருவாக்கிய இருவரில் ஒருவர் என்பது அப்போது அதைப் படித்த பையன்களில் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்!

இயற்பியல் வாத்தியார் கையில் மாயாவி கிடைத்தால் முதல் பக்கத்திலேயே ஃபெயில். கண்ணுக்குத் தெரியாத மனிதனால் பார்க்கவே முடியாது. ஒளி விழித்திரையில் விழுந்து அங்கே உறிஞ்சப்பட்டால்தான் பார்வை. ஒளி முழுவதும் ஊடுருவிப் போய்விடும் விழித்திரை எதையும் உணராது. மாயாவி மறைந்த நொடியே குருடாகியிருக்க வேண்டும். 2006இல் ஜான் பெண்ட்ரியின் கோட்பாட்டை வைத்து அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ஒரு செப்பு உருளையை நுண்ணலைகளுக்குத் தெரியாமல் ஓரளவு மறைத்தார்கள். அதில் அலை உருளையைச் சுற்றி வளைந்து போனது. அந்த முறையில் ஒளித்தாலும் உள்ளே இருப்பவனுக்கு இருட்டுதான், அலை அவனைத் தொடுவதே இல்லையே. இதையெல்லாம் எந்த ரசிகரிடம் சொன்னாலும் பொறுமையாகக் கேட்டுக்கொள்வார். பிறகு புத்தகத்துக்குப் பணம் கொடுப்பார். ஆக, ஈர்ப்பு எங்கே இருக்கிறது என்பதைக் கதைக்குள் தேடிப் பயனில்லை. வாசித்த தலைக்குள் தேட வேண்டும்.

செஞ்சிக் கோட்டைக்கு வடமேற்கே அவலூர்பேட்டை இருக்கிறது. சந்தைக்குப் பேர்போன ஊர். எண்பதுகளில் அந்த மாதிரி ஊருக்குக் காமிக்ஸ் வந்து சேர்ந்த விதம் தனி. சிவகாசியிலிருந்து நேரே வருவது அபூர்வம். திருவண்ணாமலைக்கோ செஞ்சிக்கோ போன யாராவது பஸ் ஸ்டாண்டு கடையில் கயிற்றில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டதை வாங்கி வருவார்கள். அது ஒரு தெரு முழுக்கச் சுற்றும். அட்டை முதலில் போகும், பிறகு முதல் பக்கம், பிறகு கடைசிப் பக்கம். பழைய பேப்பர்காரரின் தராசுத் தட்டிலிருந்து மீட்டெடுத்த பிரதிகளுக்குத் தொடக்கமும் முடிவும் இருக்காது. "அண்ணே, இதுல மாயாவி தப்பிச்சாரா இல்லையா?" என்று கேட்டால், படித்த அண்ணன் ஒரு முடிவு சொல்வான். அடுத்த தெரு அண்ணன் வேறொரு முடிவு சொல்வான். இரண்டும் சிவகாசியில் அச்சான முடிவாக இருக்க வேண்டிய அவசியமில்லை.

இந்தக் குறைகள்தான் காரியத்தின் மையம் என்று நினைக்கிறேன்.

நார்மன் ஸ்லமெக்கா, பீட்டர் கிராஃப் என்ற இரு உளவியலாளர்கள் 1978இல் ஓர் எளிய சோதனை செய்தார்கள். ஒரு கூட்டத்தாருக்குச் சொற்களை இணை இணையாக முழுசாகக் கொடுத்துப் படிக்கச் சொன்னார்கள். இன்னொரு கூட்டத்தாருக்கு இரண்டாவது சொல்லின் முதல் எழுத்தை மட்டும் கொடுத்து, மீதியை அவர்களே கண்டுபிடிக்கச் சொன்னார்கள். பிறகு சோதித்தபோது, தாங்களாக உருவாக்கிய சொற்கள் நினைவில் நன்றாகவே தங்கியிருந்தன. கொடுத்ததைவிட, தேடி எடுத்தது நிற்கிறது. பின்னர் பலரும் பலவிதமாகச் செய்து பார்த்தும் பெரும்பாலும் இதே விளைவுதான்.

காமிக்ஸ் என்பதே இப்படி முதல் எழுத்தை மட்டும் கொடுக்கும் கலை. ஒரு கட்டத்தில் எஃகுக் கை மின்சாரக் கம்பியை நோக்கி நீள்கிறது. அடுத்த கட்டத்தில் காவலாளி கீழே கிடக்கிறான். இடையில் இருப்பது ஒரு விரல்கடை வெள்ளைத் தாள். மறைந்தது, நடந்தது, அடித்தது எல்லாமே அந்த வெள்ளையில்தான்; அதை யாரும் வரையவில்லை. அமெரிக்கக் காமிக்ஸ் கலைஞர் ஸ்காட் மெக்லவுட் 1993இல், காமிக்ஸ் எப்படி வேலை செய்கிறது என்பதைக் காமிக்ஸ் வடிவிலேயே விளக்கி எழுதிய நூலில் இந்த இடைவெளிக்குத்தான் முதலிடம் கொடுத்தார். கோடரியை ஓங்கியவன் ஓவியன். வெட்டை நிகழ்த்தியவன் வாசகன் என்பது அவர் வாதத்தின் சாரம். சினிமாவில் இந்தச் சிக்கல் இல்லை, எல்லாம் காட்டிவிடுவார்கள்.

தமிழ் வாசகனுக்கு வேலை இன்னும் கூடுதல். படம் கறுப்பு-வெள்ளை. நிறத்தை அவனே பூசிக்கொள்ள வேண்டும். என் தலைக்குள் மாயாவியின் கை இன்றைக்கும் லேசான நீலம், ஏனென்று கேட்டால் தெரியாது. நியூயார்க்கையும் லண்டனையும் பார்த்ததில்லை. மலை என்றால் செஞ்சியின் ராஜகிரி மாதிரி ஒன்றையும், கோட்டை என்றால் செஞ்சிக் கோட்டையையும் வைத்துக்கொண்டு மீதியைக் கட்ட வேண்டும். வேலியண்டில் வாரத்துக்கு இரண்டு பக்கம் என்று வந்த தொடர்களை ஒரே புத்தகமாகத் தொகுத்ததால் இன்னொரு விநோதமும் உண்டு. சில பக்கங்களுக்கு ஒருமுறை நாயகன் ஏதோ ஒரு விளிம்பில் தொங்குவார். அங்கே ஒரு வாரம் காத்திருப்பதற்காகச் செய்த ஏற்பாடு, இங்கே மூச்சுவிட நேரமில்லாத ஓட்டமாக மாறியது.

கிழிந்துபோன கடைசிப் பக்கத்துக்கும் ஓர் ஆராய்ச்சி இருக்கிறது. 1920களில் பெர்லினில் கர்ட் லெவினிடம் படித்த மாணவிகள் இருவர் பாதியில் நிறுத்தப்பட்ட வேலைகளை ஆராய்ந்தார்கள். முடியாத வேலை அதிகம் நினைவில் நிற்கும் என்றார் புளூமா ஜெய்கார்னிக். புகழ் அவருக்குத்தான் கிடைத்தது, ஆனால் அந்த முடிவு பிந்தைய சோதனைகளில் உறுதியாக நிற்கவில்லை. மரியா ஓவ்சியான்கினா சொன்னது வேறு: பாதியில் விட்ட வேலையை வாய்ப்புக் கிடைத்ததும் மனிதர்கள் யாரும் சொல்லாமலே மறுபடி எடுத்துச் செய்வார்கள். இது நிலைத்துவிட்டது. ஒரு கதையின் கடைசி எட்டுப் பக்கத்துக்காக முப்பது வருஷம் கழித்து மறுபதிப்பை வாங்குகிறவரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஓவ்சியான்கினா ஞாபகம் வருகிறார்.

இந்தப் பகுதிக்காரனுக்கு இடைவெளியை நிரப்பும் பழக்கம் காமிக்ஸ் சொல்லிக் கொடுத்ததல்ல. செஞ்சி வட்டாரம் திரௌபதி அம்மன் வழிபாட்டின் தாய்மடி. அமெரிக்க அறிஞர் ஆல்ஃப் ஹில்டபீட்டல் 1988இல் இதுபற்றி வெளியிட்ட பெரிய ஆய்வு நூலின் தலைப்பிலேயே செஞ்சி இருக்கிறது. பாரதக் கூத்து விடிய விடிய நடக்கும் ஊர்கள் இவை. கூத்தில் முக்கிய வேஷக்காரர் நேரே வந்து நிற்பதில்லை. இருவர் ஒரு திரையைப் பிடித்துக்கொள்வார்கள். திரைக்குப் பின்னாலிருந்து பாட்டு வரும், சலங்கை கேட்கும், திரைக்கு மேலே கிரீடத்தின் உச்சி மட்டும் தெரியும். துரியோதனனா பீமனா என்று கூட்டம் ஊகித்துக்கொண்டே இருக்கும். திரை விலகுகிறபோது பாதி துரியோதனனைப் பார்வையாளன் ஏற்கெனவே செய்து முடித்திருப்பான். அகன்ற புஜகீர்த்தி, மார்புப் பதக்கம், முகம் முழுக்க வண்ணம் எல்லாம் பிறகு வந்து சேருகிற மீதி. அந்தத் திரையையும் காமிக்ஸ் கட்டத்தின் விளிம்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது எனக்குப் பிடிக்கும். இரண்டும் மறைப்பதற்காக இருப்பவை, மறைப்பதால்தான் உழைப்பவை.

செஞ்சிக்கென்றே ஒரு சாகச நாயகனும் உண்டு. தேசிங்குராஜன், அதாவது தேஜ் சிங், தந்தை சொரூப் சிங்குக்குப் பிறகு ஓராண்டுகூட முழுசாக ஆளவில்லை. ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானோடு மோதி 1714 அக்டோபரில் செத்துப்போனார். வயது இருபத்திச் சொச்சம். வரலாற்றுப் புத்தகத்தில் அவருக்குச் சில பத்திகள் போதும். கதைப்பாடல்காரர்களுக்குப் போதவில்லை. நீலவேணி என்ற குதிரை, கல்யாணக் கோலத்திலிருந்து எழுந்து போருக்கு வந்த முஸ்லிம் நண்பன், படை வெள்ளத்துக்குள் தனியாகப் பாய்ந்த வீரம் என்று பெருகியது கதை. பெரிய எழுத்துப் புத்தகமாகச் சந்தைகளில் விற்றது, 1960இல் எம்.ஜி.ஆர். நடிக்கப் படமாகவும் வந்தது. கிடைத்த தகவல் கொஞ்சம், இடைவெளி நிறைய. முந்நூறு ஆண்டு நிலைப்பதற்கு அது வசதியான அளவு போலிருக்கிறது.

சரி, இடைவெளியை நிரப்பியதால் மனதில் தங்கியது என்று வைத்துக்கொள்வோம். ஆனால் ஏன் அந்த வயதில் படித்தது மட்டும்? வயதானவர்களிடம் வாழ்க்கை நினைவுகளைக் கேட்டு, அவை எந்த வயதைச் சேர்ந்தவை என்று வரைபடம் போட்டால், ஏறத்தாழ பத்து வயதிலிருந்து முப்பது வயதுவரை ஒரு மேடு தெரியும். டேவிட் ரூபினும் சகாக்களும் 1986இல் இதைத் தெளிவாக எடுத்துக் காட்டினார்கள். முதன்முதலாக நடந்தவை அதிகம் உள்ள பருவம் அது, 'நான் யார்' என்பது கெட்டிப்படும் பருவமும் அதுவே என்பவை பொதுவாகச் சொல்லப்படும் காரணங்கள்.

எனக்கு இதைவிடச் சுவையாகப் படுவது 2007இல் ஆம்ஸ்டர்டாம் ஆய்வாளர்கள் ஸ்டீவ் ஜான்சென், அன்டோனியோ கெஸ்ஸா, யாப் முரே வெளியிட்ட ஆய்வு. மனதுக்குப் பிடித்த மூன்று புத்தகம், மூன்று சினிமா, மூன்று இசைத்தட்டு சொல்லுங்கள், அவற்றை முதலில் எப்போது சந்தித்தீர்கள் என்று கேட்டார்கள். மூன்றிலும் இளமை மேடு தெரிந்தது. ஆனால் இசையில் மேடு மிக உயரம். புத்தகத்தில் அண்மையில் படித்தவற்றின் பக்கமே சாய்வு அதிகம். அவர்கள் சொன்ன விளக்கம் எளிமையானது: புத்தகத்தை இரண்டு மூன்று முறை படிப்போம், சினிமாவை இன்னும் சிலமுறை பார்ப்போம், பாட்டைக் கணக்கில்லாமல் கேட்போம். ஒவ்வொரு தடவையும் பழைய தடம் ஆழமாகிறது.

இந்தக் கணக்கில் காமிக்ஸ் புத்தகத்தோடு சேராது, பாட்டோடுதான் சேரும். மாதத்துக்கு ஒன்று கையில் கிடைத்தால் பெரிய விஷயம் என்றிருந்த ஊரில், அந்த ஒன்றைச் சாப்பிடும்போது, மாடு ஓட்டிப்போகும்போது, காய்ச்சலில் படுத்திருக்கும்போது, அடுத்தது வரும்வரை படித்துக்கொண்டே இருந்தார்கள். பலூனுக்குள் இருந்த வசனம் மனப்பாடம். தட்டுப்பாடு வேறு எதற்கு நல்லதோ இல்லையோ, நினைவுக்கு அது நல்ல உரம்.

படித்தது கதையை மட்டுமா என்றால் அதுவும் இல்லை, கூட இருந்தவர்களையும் சேர்த்துத்தான். ஏக்கத்தோடு பழையதை நினைப்பதை ஒரு காலத்தில் நோய் என்றே வைத்திருந்தார்கள். 1688இல் யோஹானஸ் ஹோஃபர் என்ற மருத்துவ மாணவர், ஊரைவிட்டு வந்த சுவிஸ்காரர்களிடம் கண்ட வாட்டத்துக்குப் பெயர் வைத்துப் பட்ட ஆய்வேடே எழுதினார். அந்தப் பார்வை மாறி வெகுகாலமாகவில்லை. 2006இல் இங்கிலாந்தின் சவுதாம்ப்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டிம் வில்ட்ஷட், கான்ஸ்டன்டைன் செடிகிடஸ் முதலானோர், மக்கள் எழுதிக் கொடுத்த ஏக்க நினைவுகளைப் பிரித்து ஆராய்ந்தார்கள். பெரும்பாலானவற்றில் எழுதியவரே நாயகர். ஆனால் தனியாக இல்லை, நெருங்கியவர்கள் சுற்றி இருக்கிறார்கள். ஏக்கத்தைக் கிளப்பிவிடுவதில் முக்கியமானது தனிமை. 2008இல் சீனாவில் ஷின்யுவே ஷோவும் இதே குழுவினரும், பிழைப்புக்கு இடம்பெயர்ந்தவர்களின் பிள்ளைகள், கல்லூரி மாணவர்கள், ஆலைத் தொழிலாளர்கள் ஆகியோரிடம் செய்த ஆய்வில் ஒரு வட்டம் தெரிந்தது. தனிமை கூடினால் ஏக்கம் கூடுகிறது; ஏக்கம் கூடினால் 'எனக்கு ஆட்கள் இருக்கிறார்கள்' என்ற உணர்வு கூடுகிறது. மனம் தனக்குத் தானே கொடுத்துக்கொள்ளும் கைவைத்தியம்.

பெங்களூரிலோ துபாயிலோ அறையில் தனியாக உட்கார்ந்து மாயாவியை விரிக்கும் செஞ்சிப் பக்கத்து ஆளின் பக்கத்தில் யார் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று இப்போது யோசிக்கலாம். ஓசியில் கொடுத்த அத்தை மகன், "படிக்கிற புள்ளயா இது" என்று பிடுங்கி எறவாணத்தில் செருகிய அப்பா, பொய்யான முடிவைச் சொன்ன அண்ணன். கதையின் பக்கங்களோடு சேர்ந்தே இவர்களும் பதிந்தார்கள், பிரித்தெடுக்க வழியில்லை.

இனி அந்த முகர்ந்து பார்க்கிற விஷயம். பழைய காமிக்ஸ் அச்சானது ரசிகர்கள் 'சாணித்தாள்' என்று செல்லமாகத் திட்டும் மலிவுத் தாளில். மரத்தை இயந்திரத்தில் அரைத்துச் செய்யும் இந்தத் தாளில் லிக்னின் என்ற பொருள் நிறைய தங்கிவிடும். மரத்துக்கு விறைப்புக் கொடுப்பது அதுதான். வெளிச்சமும் காற்றும் பட்டால் லிக்னின் மஞ்சளாகும். தாளிலுள்ள அமிலம் செல்லுலோஸ் இழைகளைத் துண்டு துண்டாக உடைக்கும், மடித்தால் முறியும். உடையும்போது அசிட்டிக் அமிலம், ஃபர்ஃபியூரால் போன்றவை ஆவியாக வெளியேறும். லிக்னினிலிருந்து வெனிலா வாசனையின் உறவுக்காரப் பொருட்களும் வரும். லண்டனில் மத்தியா ஸ்ட்ர்லிச்சும் குழுவினரும் 2009இல் 72 பழைய தாள்களின் வாசனையைக் கருவியில் செலுத்தி, முக்கியமான 15 ஆவிப்பொருட்களை வைத்தே தாள் எவ்வளவு நைந்திருக்கிறது என்று கணிக்கலாம் என்றார்கள். பழைய புத்தகத்தின் மணம் என்பது அது மெல்லச் சாகிற மணம்.

மற்ற புலன்களின் செய்தி மூளையில் தாலமஸ் என்ற நடுநிலையம் வழியாக மேலே போகிறது. மணம் அந்தச் சுற்றுக்குக் காத்திராமல், உணர்ச்சியோடும் நினைவோடும் தொடர்புடைய அமிக்டலா, ஹிப்போகாம்பஸ் பகுதிகளுக்கு மிக அருகிலேயே போய்ச் சேர்கிறது. அதனால் மணம் கிளப்பும் நினைவு துல்லியமாக இருக்கும் என்று அர்த்தமில்லை. கண்ணோ காதோ கிளப்பும் நினைவைவிட அதில் உணர்ச்சி தூக்கல், அவ்வளவே. இப்போது வருகிற வண்ண மறுபதிப்புகள் வழவழப்பான உயர்ரகத் தாளில் வருகின்றன. லிக்னின் நீக்கப்பட்ட தாள், வருஷக்கணக்கில் வைத்திருந்தாலும் அந்த வாசனை வராது. 2012இல் லயன் காமிக்ஸ் புதுப்பொலிவோடு திரும்பி வந்தபோது பெரிய அளவும் வண்ணமும் பார்த்து மகிழ்ந்தவர்களிலேயே சிலர், "ஏதோ ஒண்ணு குறையுது" என்று முணுமுணுத்தார்கள். குறைந்தவற்றில் ஒன்றின் வேதியியல் பெயர் ஃபர்ஃபியூரால் என்று அவர்களிடம் சொல்லலாம். இன்னொன்று, வண்ணம் வந்துவிட்டதால் நிறம் பூசும் வேலை பறிபோனது. அச்சிட்டவர்கள் நன்றாகச் செய்யச் செய்ய வாசகனுக்குக் கூலி குறைகிறது. இதில் பதிப்பாளரைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை; புதிதாக வருகிற வாசகனுக்குச் சாணித்தாளில் தர முடியுமா என்ன?

அந்தப் புதிய வாசகன்தான் எனக்குக் கவலை தருகிற ஆள். அவனுக்கு மாயாவி எதற்கு? 2017இல் அமெரிக்காவில் ரேச்சல் ஒயிட், ஸ்டெஃபனி கார்ல்சன் ஆகியோரின் குழு, நான்கு, ஆறு வயதுப் பிள்ளைகள் 180 பேரைச் சலிப்பூட்டும் ஒரு கணினி வேலையில் பத்து நிமிடம் உட்கார வைத்தது. பக்கத்திலேயே விளையாட டேப்லெட். 'நான் செய்கிறேனா' என்று கேட்டுக்கொண்ட பிள்ளைகள் சீக்கிரம் விளையாடப் போய்விட்டார்கள். பேட்மேன் போன்ற ஒரு நாயகனாகத் தன்னை நினைத்துக்கொண்டு, 'பேட்மேன் செய்கிறாரா' என்று கேட்டுக்கொண்டவர்கள் அதிக நேரம் வேலையில் நின்றார்கள். தன்னிலிருந்து ஓரடி தள்ளி நின்று தன்னைப் பார்க்க நாயக வேஷம் உதவுகிறது என்பது ஆய்வாளர்களின் விளக்கம். வேஷம் கட்டுகிறவனுக்கு அங்கி தேவையில்லை, ஒரு பெயர் போதும். அவலூர்பேட்டைப் பையன் துண்டைக் கழுத்தில் முடிந்துகொண்டு திண்ணையிலிருந்து குதித்ததும் இதே பயிற்சிதான். மாயாவியைப் பார்த்துவிட்டு பிளக்கில் விரல் வைக்கத் துணிந்தவன் மட்டும் பாடத்தைத் தப்பாகப் படித்தவன். வீட்டு மின்சாரம் 230 வோல்ட், மறைவதற்கு வாய்ப்பு உண்டு, ஆனால் கதையில் மாதிரி இல்லை.

ஆகவே பேரனிடம் புத்தகத்தைத் திணித்து, இதில் என்ன இருக்கிறது பார் என்று உட்கார வைக்காதீர்கள். அவன் தலையில் வேறு மேடு கட்டிக்கொண்டிருக்கிறது, வேறு நாயகர்களை வைத்து. வேண்டுமானால் கடைசி இரண்டு பக்கத்தைக் கிளிப் போட்டு மூடிவிட்டுக் கொடுத்துப் பாருங்கள்.

வீட்டில் பழைய பிரதி வைத்திருப்பவர்களுக்கு: பரணில் ஓட்டுக்கு அடியில் வைக்காதீர்கள், சூடும் ஈரப்பதமும் அமிலத்தின் வேலையை விரைவாக்கும். வெயில் படக் கூடாது. கிழிந்த இடத்தில் சாதாரண செல்லோ டேப் ஒட்டினால் சில வருஷத்தில் பசை பழுப்பேறித் தாளையும் சேர்த்துக் கெடுக்கும். ஸ்டேப்ளர் கம்பி துருப்பிடித்திருந்தால் எடுத்துவிட்டு நூல் போட்டுத் தையுங்கள். அமிலமில்லாத தாளில் சுற்றி, அலமாரியின் நடுத்தட்டில், தரையைத் தொடாமல் வையுங்கள். எப்போதாவது எடுத்து முகர்ந்து பார்ப்பதால் தாளுக்கு ஒன்றும் ஆகாது.